வெயிலுள்ள போதே: புல்லறுப்பும் தரையில் கூடுகட்டும் பறவைகளும்



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் பறவைகளைப் பற்றிப் பேச ஒரு மொழியியலாளன் எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தலைப்பைச் சொன்னபோது மன்றச் செயலாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. என்னை இந்தப் பொருளிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு மொழிபெயர்ப்புப் பிழை. அப்பிழையைச் செய்தவன் நான். ஆதலால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளி மாணவர்க்கான வாசிப்பு நூல் ஒன்றுக்காக ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஐரோப்பிய உழவு நிலங்களில் பறவைகள் அருகிவருவதைப் பற்றிய கட்டுரை அது. அதில் 'ஹே' என்னும் சொல் வந்த இடங்களிலெல்லாம், கையருகே இருந்த அகராதி காட்டிய வழியே, 'வைக்கோல்' என்று எழுதினேன். 'வைக்கோல் அறுக்கும் பொறிகளில் சிக்கிக் குஞ்சுகள் மடிகின்றன' என்பது என் தொடர்களுள் ஒன்று. நூல் வெளிவந்த மறு ஆண்டு, இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி தன் ஆசிரியர் வழியாக எனக்கு எழுதினாள். "ஐயா, வைக்கோல் என்பது கதிரடித்த பிறகு எஞ்சுவதுதானே? அதை ஏன் மறுபடியும் அறுக்கிறார்கள்? காய்ந்து கிடக்கும் வைக்கோலில் பறவை எப்படிக் கூடு கட்டும்?" இவ்வளவுதான் கடிதம். நான் உடனே விடை எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதே உண்மை.

அம்மாணவி கேட்டது முற்றிலும் சரி. வைக்கோல் என்பது நெல்லின் தாள். மணியை எடுத்துக்கொண்டபின் எஞ்சும் துணைப்பொருள். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் உண்டு. 'ஹே' என்பது அதுவன்று. கால்நடைத் தீவனத்திற்கென்றே வளர்த்து, பூக்கும் பருவத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்திச் சேமிக்கும் புல் அது. வேளாண் துறையினர் 'உலர்புல்' என்கின்றனர். அச்சொல் பொருத்தமானது, ஆனால் நம் நாவில் அது பழகவில்லை. பழகாமைக்குக் காரணம் உண்டு. தமிழகத்திலும் சரி, இந்த மலாயாவிலும் சரி, ஆறு மாதம் நிலம் உறைந்து கிடப்பதில்லை. புல்லைச் சேமித்தாலன்றி மாடு பிழைக்காது என்னும் நெருக்கடி நமக்கு வந்ததில்லை. பொருள் இல்லாத இடத்தில் சொல்லும் நிலைகொள்வதில்லை.

வட ஐரோப்பிய உழவனுக்கு அந்த நெருக்கடி ஆண்டுதோறும் வந்தது. குளிர்காலம் முழுவதும் மாடுகள் தொழுவத்தில் நிற்கும். அவற்றுக்கான தீவனத்தைக் கோடையிலேயே சேர்த்து வைக்க வேண்டும். அதற்கென ஒதுக்கிய நிலத்தில் வேனிற்காலத் தொடக்கம் முதல் மாடுகளை விடமாட்டார்கள். புல் முழங்காலளவு, சில இடங்களில் இடுப்பளவு வளரும். இடையிடையே பூச்செடிகள் வளரும். அவற்றை நாடிப் பூச்சிகள் வரும். கோடை முதிர்ந்தபின் அறுத்து, நாலைந்து நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்துப் போர் போடுவார்கள். இந்த இடைக்காலத்தில், மனிதர் கால்படாது கிடந்த அந்தப் புல்லின் தரையில்தான் பறவைகள் கூடு கட்டின.

ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. வெயில் காயும்போதே புல்லை உலர்த்திக்கொள் என்பது அதன் கருத்து. 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. நாம் அதை மொழிபெயர்ப்பதில்லை. 'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்று நம் பழமொழியை அதற்கு ஈடாக வைக்கிறோம். நல்ல ஈடுதான். வகுப்பறையில் நானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். ஆயினும் இரண்டு பழமொழிகளும் இருவேறு காத்திருப்புகளைப் பேசுகின்றன. நம் உழவன் களத்துமேட்டில் காற்றுக்காகக் காத்திருந்தான். மணி ஏற்கெனவே வீட்டுக்கருகே வந்துவிட்டது; காத்திருப்பது சில மணி நேரம் அல்லது சில நாள். ஐரோப்பிய உழவன் வெயிலுக்காக, புல் இன்னும் நிலத்தில் நிற்கும்போதே, வாரக்கணக்கில் காத்திருந்தான். மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாட்டில் நாலைந்து நாள் தொடர்வெயில் எளிதில் கிட்டாது. அவன் வானத்தைப் பார்த்துக் கவலையோடு நின்ற அந்த வாரங்களில், அவன் அறியாமலே, புல்லுக்குள் குஞ்சுகள் பொரித்து ஓடித் திரிந்தன. அன்றைய உழவர் பறவைநேயர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை. அவ்வளவே.

இனி அப்பறவைகளுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அதற்குக் 'கார்ன்கிரேக்' என்று பெயர். இங்கே 'கார்ன்' என்பது மக்காச்சோளம் அன்று. பிரிட்டானிய வழக்கில் அது பொதுவாகத் தானியப் பயிரைக் குறிக்கும். இந்தப் பறவையை 'மக்காச்சோளக் கோழி' என்று யாரேனும் பெயர்த்தால், என் வைக்கோலோடு அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். தமிழில் நான் இதற்குப் புதுப்பெயர் சூட்டப்போவதில்லை. ஒரு பறவைக்குப் பெயரிடும் உரிமை அதை ஆண்டுதோறும் கேட்கிற மக்களுக்கு உரியது. இது நம் பக்கம் வருவதில்லை. கோடையில் ஐரோப்பாவிலும் மேற்கு, நடு ஆசியப் புல்வெளிகளிலும் இனம்பெருக்கி, குளிர்காலத்தில் கிழக்கு, தென்கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்குப் பறந்துவிடும். துரத்தினால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சிறிது தொலைவு தட்டுத்தடுமாறிப் பறந்து மீண்டும் புல்லுக்குள் விழும் இதே பறவை எப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடக்கிறது என்று பார்ப்பவர்க்கெல்லாம் வியப்பு.

ஆனால் அதன் உறவினரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். நம் வாய்க்கால் ஓரங்களில், வெள்ளை மார்பும் கருமுதுகுமாக, வாலை வெட்டிக்கொண்டு நடக்குமே, மலாய் நண்பர்கள் 'ருவாக்-ருவாக்' என்பார்களே, அந்தக் கானாங்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கார்ன்கிரேக். மலாய்ப் பெயர் அதன் குரலிலிருந்து பிறந்தது. கார்ன்கிரேக்கின் அறிவியற் பெயரும் அவ்வாறே: 'கிரெக்ஸ் கிரெக்ஸ்'. 1758இல் லின்னேயசு அதன் இனப்பெயராகக் 'கிரெக்ஸ்' என்பதை வைத்தார்; பின்னர் பேரினத்துக்கும் அதுவே பெயராயிற்று. கேட்டவுடன் நம் மாணவர்கள் இரட்டைக்கிளவி என்பார்கள். இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது. இந்தக் 'கிரெக்ஸ்' தனித்தும் நிற்கும். எனவே இலக்கணப்படி அன்று. ஓசைப்படி மட்டும் அதன் தம்பி.

பிற மொழிகள் இப்பறவைக்கு வைத்த பெயர்களை ஒருமுறை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். சுவீடனில் 'கோர்ன்க்னார்': பார்லி வயலில் கறகறப்பது. பின்லாந்தில் 'ருயிஸ்ரேக்கா': ரை வயலில் கரகரப்பது. டென்மார்க்கில் 'எங்ஸ்னாரே': 'எங்' என்றால் புல்வெளி. போலந்தில் 'தெர்காச்', அதுவும் அந்தக் கரகரப்பே. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'த்ரேன்-ரி-த்ரேன்'. பண்டைக் கிரேக்கரும், பின்னர் செருமானியரும் மட்டும் வேறு வழியில் சென்றார்கள். காடைகளோடு சேர்ந்து வலசை போவதைக் கண்டு, முன்னவர் 'காடைத்தாய்' என்றும் பின்னவர் 'காடையரசன்' என்றும் பெயரிட்டனர். எஞ்சிய பெயர்களில் இரண்டே செய்திகள்: எங்கே கேட்டோம், எப்படிக் கேட்டோம். நிறம் இல்லை, வடிவம் இல்லை. இதிலிருந்து ஒரு மொழியியலாளன் பறவையை ஒருமுறைகூடக் காணாமலே இரண்டு முடிவுகளுக்கு வரலாம். அந்த மக்கள் இதைக் கண்ணால் பார்த்தது அரிது. இது அவர்களுடைய பயிருக்குள்ளேயே வாழ்ந்தது.

நானும் அதைப் பார்த்ததில்லை. பணி ஓய்வுக்குப் பின், ஸ்காட்லாந்தில் இருந்த மகளிடம் ஒரு சூன் மாதம் சென்றிருந்தபோது, ஓபன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் கப்பலில் பயணம் செய்து டைரீ என்னும் தீவுக்குப் போனோம். மரமே இல்லாத தட்டைத் தீவு. நள்ளிரவிலும் வானத்தின் வடபுறம் வெளுத்துத்தான் இருந்தது. தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் சிறு புல்வெளி. பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது. சீப்பின் பற்களில் நகத்தை வேகமாக இழுத்துப் பாருங்கள். இரண்டு முறை, சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு முறை. அதேதான். இனிமை என்று சொல்ல ஒன்றும் இல்லை. விடியும்வரை நிறுத்தவுமில்லை. ஓர் ஆண்பறவை ஒரே இரவில் பல்லாயிரம் முறை இவ்வாறு கூவும். அமைதியான இரவில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். காலையில் வீட்டுக்காரரான முதியவரிடம் தூக்கம் கெட்டதைச் சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். அந்தப் புல்வெளி அவருடையது. அதை எப்போது அறுப்பது என்பது அந்தக் கோடையில் அவருடைய பெரிய கவலை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கவலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஏப்பிரல் கடைசியிலும் மே மாதத்திலும் பறவைகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்கின்றன. அப்போது உலர்புல் நிலத்தில் புல் உயரவில்லை. ஆதலால் முதலில் ஈரநிலத்து மஞ்சள் ஐரிசுப் புதர்களிலும் செந்தட்டி மண்டிய மூலைகளிலும் ஒளிந்திருந்து, புல் வளர்ந்தபின் உள்ளே நகர்கின்றன. பெட்டை நாளொன்றுக்கு ஒன்றாக எட்டு முதல் பன்னிரண்டு முட்டை இடும். பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். அடைகாப்பு ஏறத்தாழ 17 நாள். பொரித்த குஞ்சு நன்றாகப் பறக்க ஏறத்தாழ ஐந்து வாரம். கூட்டினால் 62 நாள். முதல் ஈட்டுக் குஞ்சுகள் பெரும்பாலும் சூன் நடுவில் பொரிக்கும். பன்னிரண்டு நாள் அளவில் தாய் அவற்றை விட்டுப் பிரிந்து இரண்டாம் ஈட்டுக்குப் போய்விடும். அந்தக் குஞ்சுகள் சூலை இறுதியை ஒட்டிப் பொரிக்கும். பறப்பதற்குள் ஆகத்து முடிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பறவைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. எனவே இரண்டு ஈடும் ஓரளவு பிழைத்தால்தான் அடுத்த ஆண்டு அதே எண்ணிக்கை திரும்பி வரும்.

இந்த 62 நாளை மனத்தில் வைத்துக்கொண்டு உழவின் வரலாற்றைப் பாருங்கள். நீண்ட பிடியுள்ள அரிவாளை வீசி அறுத்த காலத்தில் ஒரு வயலுக்குப் பல ஆள், பல நாள். அறுப்பு நிகழும் பக்கத்திலிருந்து பறவை குஞ்சுகளோடு மறுபக்கம் நடந்து போய்விடலாம். ஊரில் எல்லா வயலையும் ஒரே வாரத்தில் அறுத்துவிடவும் இயலாது. எங்கேனும் நிற்கும் புல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குதிரை இழுக்கும் அறுப்புப்பொறி வந்தது, பிறகு டிராக்டர். பிரிட்டனில் பறவை முதலில் குறைந்தது இங்கிலாந்தின் தென்கிழக்கில். அங்கிருந்து வடக்கும் மேற்கும் நோக்கி அக்குறைவு பரவியது. 1938, 1939ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் தகவல் திரட்டிய சி. ஏ. நாரிஸ், 1940களில் வெளியிட்ட அறிக்கைகளில், பொறி சென்ற வழியே பறவை மறைந்தது என்பதை எடுத்துக்காட்டினார்.

பொறியைவிடப் பெரிய மாற்றம் அதற்குப் பின் வந்தது. அதுதான் சைலேஜ். பச்சைப்புல்லை அறுத்து, காற்றுப்புகாமல் மூடி, புளிக்கவைத்துச் சேமிப்பது. நம் வேளாண் நூல்களில் இதற்கு 'ஊறுகாய்ப்புல்' என்றொரு சொல் இருக்கிறது. எந்தக் குழுவும் அறையில் அமர்ந்து இவ்வளவு நல்ல சொல்லை ஆக்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம். ஊறுகாய்க்கு வெயில் வேண்டாம். காற்றுப்புகாத மூடிதான் வேண்டும். எனவே உழவன் நாலைந்து நாள் தொடர்வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செயற்கை உரத்தால் புல்லும் விரைந்து வளர்கிறது. மே இறுதியிலோ சூன் தொடக்கத்திலோ முதல் அறுப்பு. அடுத்து ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அறுப்பு. ஐந்தாறு வாரம் என்பது நாற்பது நாள். பறவைக்கு வேண்டியது 62. கழித்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் முடிவைச் சொல்லிவிடும்.

உழவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மழைநாட்டில் உலர்புல் அழுகிப்போனால் குளிர்காலத்தில் மாட்டை விற்க நேரும். சைலேஜ் அந்த அச்சத்தைப் போக்கியது. பூத்து முதிர்ந்த புல்லைவிட இளம்புல் மாட்டுக்கு எளிதில் செரிக்கும், பால் கூடும். தன் பிள்ளைகளுக்காக அதைச் செய்தவரைப் பேராசைக்காரர் என்று எழுதிவிடுவது நகரத்தாரின் சோம்பல்.

அடுத்து, அறுக்கும் திசை. டிராக்டர் ஓட்டுபவர் வயலின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி அறுத்துவருவது வழக்கம். திருப்புவதற்கு அது எளிது. ஓசை கேட்ட பறவை நிற்கும் புல்லுக்குள், அதாவது நடுவை நோக்கி, ஒதுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தீவு சுருங்கும். வெளியே அறுத்துப் போட்ட வெட்டவெளி. மேலே காக்கையும் கடற்புறாவும். குஞ்சுகள் வெட்டவெளியைக் கடந்து ஓடுவதற்கு அஞ்சும். கடைசிக் கீற்றில் எல்லாமே சேர்ந்திருக்கும்போது பொறி அதன் மேலும் செல்லும். இதை மாற்ற வேண்டியது மிகச் சிறிது. நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி அறுத்துவந்தால், பறவைகள் புல்லுக்குள்ளேயே நடந்து ஓரத்துக்கு வந்துவிடும். ஓரத்தில் ஒரு பட்டையை அறுக்காமல் விட்டால் அங்கே தங்கும். பொறியை மெதுவாக ஓட்டினால் இன்னும் நன்று. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 1990களில் ஆய்வாளர்கள் வயல் வயலாக நின்று பார்த்து, வெளிநோக்கிய அறுப்பில் பிழைக்கும் குஞ்சுகள் தெளிவாகக் கூடுதல் என்று உறுதிசெய்தனர்.

இதைப் படித்த அன்று எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். பேராக்கில் நாங்கள் இருந்த தோட்டத்தில், பால்மரம் வெட்டிவிட்டு வந்தபின், மாலையில் மாட்டுக்குப் புல்லறுக்கப் போவார். நானும் சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். ஒருநாள் வாய்க்கால் ஓரத்தில் அறுத்துக்கொண்டே போனவர் சட்டென்று கையை நிறுத்தினார். புல்லை விலக்கிக் காட்டினார். புள்ளியிட்ட ஐந்து முட்டைகள்; நீர்க்கோழியுடையவை. குடை அளவுக்கு அந்தப் புல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றி அறுத்துக்கொண்டு மேலே போனார். பெரிய அருள்நெறி எதையும் அவர் பேசவில்லை. "இத விட்ருடா" என்றார். அவ்வளவுதான். அரிவாள் பிடித்த கைக்கு முன்னால் ஒரு கண் இருந்தது. டிராக்டரில் இருக்கைக்கும் வெட்டும் தகட்டுக்கும் இடையே அந்தக் கண்ணுக்கு நேரம் இல்லை. எனவேதான் நாளும் திசையும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியிருக்கிறது.

1993இல் எண்ணியபோது பிரித்தானியத் தீவில் கூவும் ஆண்பறவைகள் 500க்கும் குறைவாக இருந்தன. இங்கே 'எண்ணுவது' என்றால் கேட்பது. நள்ளிரவுக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையே ஊர் ஊராகப் போய்க் காதால் எண்ணுகிறார்கள். என் துறைக்கு நெருக்கமான செய்தி ஒன்றை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒவ்வோர் ஆணின் குரலிலும் அதிர்வுத் துடிப்புகளுக்கு இடையே உள்ள கால இடைவெளி தனித்தன்மையுடையது. அதை அளந்தால் இன்ன பறவை என்று ஆளடையாளம் காணலாம் என்று பீக், மக்கிரிகர் முதலியோர் 1998இல் நிறுவினர். ஒலிப்பதிவுக் கருவியோடு நாங்கள் உயிரெழுத்தின் மாத்திரையை அளந்த அதே வேலை. ஒரு பறவையின் மாத்திரையை அளக்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லையே என்று சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் பறவைப் பாதுகாப்பு அமைப்பும், பின்னர் அரசும், ஹெப்ரிடீஸ் தீவுகளின் சிறுகுடியானவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆகத்து முதல் நாள் வரை அறுக்காதிருந்தால் ஒரு தொகை. இன்னும் தள்ளிப்போட்டால் கூடுதல் தொகை. நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்தால் அதற்கும் உண்டு. மேலே போட்ட கணக்கை நினைவில் கொண்டால், ஆகத்து முதல் நாள் என்பது முதல் ஈட்டுக் குஞ்சுகளுக்கு உரிய நாள் என்பதும், இரண்டாம் ஈட்டுக்கு அது போதாது என்பதும், அதனால்தான் திசையும் வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கும். பலன் தெரிந்தது. 2014இல் எண்ணிக்கை 1,300ஐ நெருங்கியது. பிறகு மீண்டும் சரிந்து, 2019இல் 900க்கும் கீழே வந்தது. உலக அளவில் இப்பறவை அழிவின் விளிம்பில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உருசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பெருந்தொகையாக வாழ்கிறது. ஆனால் டைரீ முதியவருக்கு உருசியாவின் பறவை எதற்கு? அவருடைய தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது அவருடைய புல்வெளியின் பறவை.

அவரிடம் நான் கேட்டேன், அந்தத் தொகை போதுமா என்று. ஆகத்தில் அறுக்கும் புல் தடித்துச் சத்துக் குறைந்து போகும். செப்டம்பர் வந்தால் மழை. ஆகவே வெளியிலிருந்து தீவனம் வாங்க நேர்கிறது என்றார். திட்டத்தின் விதிமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவதுதான் தொகையைவிடத் தொல்லை என்றும் சொன்னார். பறவை ஊருக்கெல்லாம் பொது. இழப்பு மட்டும் புல்வெளிக்காரருக்குத் தனி என்ற நிலை எத்தனை தலைமுறைக்கு நிற்கும்? முழுத் தொகையைத் தருவது அருளன்று, கடன் என்பதே என் கருத்து. அறுக்காமலே விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதுவும் உதவாது. அறுக்காத புல் சில ஆண்டுகளில் படுத்து மக்கித் தடித்த பாய்போல் ஆகிவிடும். பிறகு புதர் ஏறும். இப்பறவைக்கு வேண்டியது தன்னை மறைக்கும் உயரமும், இடையே நடந்து போகக்கூடிய நெருக்கக் குறைவும் உள்ள புல். அது மனிதர் ஆண்டுக்கொரு முறை அறுப்பதால்தான் அவ்வாறு இருக்கிறது.

பிற நாடுகளிலும் இதே கணக்கு வேறு எண்களில் வருகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 'பாபலிங்க்' என்றொரு பறவை. பெயர் அதன் பாட்டிலிருந்தே வந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து உலர்புல் வெளிகளில் கூடு கட்டும். அங்கே பால்பண்ணையாளர்கள் முதல் அறுப்பை விட்டுக்கொடுக்க இயலாது என்றார்கள். ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். முதல் அறுப்பை மே முடிவதற்குள் செய்துவிடுங்கள். அதன்பின் 65 நாள் வயலைத் தொடாதீர்கள். கூட்டை இழந்த பறவைகள் மீண்டும் கட்டி, குஞ்சுகளைப் பறக்கவிட அந்த 65 நாள் போதும். தள்ளிப்போடுவதற்கு மாறாக முன்னே இழுப்பது. எனக்குப் பிடித்த தீர்வு இது. நெதர்லாந்தில், தன் குரலாலேயே 'குருட்டோ' என்று பெயர் பெற்று, 2015இல் மக்கள் வாக்கால் நாட்டுப் பறவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவால் மூக்கனின் கூடுகளைத் தொண்டர்கள் தேடிக் கண்டு குச்சி நட்டு வைப்பார்கள். உழவர் அதைச் சுற்றி அறுப்பார், என் அம்மாவைப் போல. ஆனால் அது மட்டும் போதவில்லை. கூடு தப்பும்; பொரித்த குஞ்சு மறுநாளே பூச்சி தேடி நடக்க வேண்டும்; சுற்றிலும் மொட்டை வயல். இதே இனத்தின் கிழக்கத்திய உறவுகளைச் சிங்கப்பூரின் சுங்கை பூலோவில் வலசைப் பருவத்தில் நீங்கள் காணலாம்.

ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். மொழி மன்றத்தில் இதைத் தவிர்க்க இயலாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கார்ன்கிரேக் எஞ்சியுள்ள இடங்களை நிலப்படத்தில் குறித்தால், மேற்குத் தீவுகள், டைரீ, டொனெகல் கரையோரம் என்று, கேலிக் மொழியும் ஐரிய மொழியும் எஞ்சியுள்ள இடங்கள் பலவற்றோடு அது பொருந்தி நிற்கும். மேடைக்கு ஏற்ற செய்தி. மொழி பறவையைக் காத்தது என்று கைதட்டல் வாங்கலாம். அது உண்மையன்று. சிறு நிலம், தொலைவு, ஏழ்மை, காலந்தாழ்ந்த அறுப்பு ஆகியவை இரண்டையும் ஒருங்கே விட்டுவைத்தன. அந்த ஏழ்மையை மீட்டுக்கொண்டுவர யாரும் விரும்பமாட்டார்கள். டைரீ முதியவர் அந்தப் பறவையைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆங்கிலத்தை விட்டு 'த்ரேன்-ரி-த்ரேன்' என்றார். அவருடைய பேரன் 'கார்ன்கிரேக்' என்றான். அன்றிரவு பறவை சொன்னதை இருவரும் கேட்டார்கள்.

வாசிப்பு நூலின் மறுபதிப்பு வந்தபோது என் தொடரைத் திருத்திக் கொடுத்தேன். 'தீவனத்துக்காக வளர்த்த புல்லை, குஞ்சுகள் பறக்கத் தேறுமுன்பே பொறிகொண்டு அறுப்பதால் அவை மடிகின்றன' என்று இப்போது இருக்கிறது. நீளம் கூடிவிட்டது, ஆனால் வைக்கோல் இல்லை. அந்த மாணவிக்கு விடை எழுதியது பதினோராண்டு கழித்து. அவர் இன்று தமிழாசிரியர். இக்கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்திருந்தால், கேள்வி நேரத்தில் முதல் கேள்வி அவருடையதாக இருக்கட்டும்.